றெக்கை வைத்த கல்யாணக் கார்

ஒரகடத்தில் வேலை பார்க்கிறேன் என்று வெளியில் சொல்வது ஆபத்து. சொன்ன மறு நிமிடமே எதிரில் இருப்பவர் தன் வண்டியில் வரும் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டி, "இது இன்னா பிரச்சினையா இருக்கும்?" என்று கேட்பார். கார் கம்பெனிப் பக்கம் வேலை செய்பவனுக்குக் கார் முழுவதும் தெரியும் என்று ஊர் நம்புகிறது. நான் அப்போது செய்துகொண்டிருந்த வேலை, பின்சீட் பெல்ட்டின் கொக்கிக்கு ஒரு போல்ட் முடுக்குவது. அதுவும் இடப்பக்கக் கொக்கிக்கு மட்டும். வலப்பக்கத்தைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமானால் அடுத்த லைனில் இருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

இந்த உண்மையை நான் யாரிடமும் மறைத்ததில்லை. யாரும் கேட்காதவரை சொன்னதும் இல்லை. (கோவில்பட்டியில் என் அம்மா, "எம் மவன் காரு செய்யுதான்" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். பெற்ற தாயை மறுத்துப் பேசுவது நல்ல பழக்கமா?)

அதே கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தவள் தேன்மொழி. நாங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த முடிவு தெரியாத ஒரே முக்கியஸ்தர் அவளுடைய அப்பா கோதண்டம். படப்பைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஐந்து பேரை ஒரே பார்வையில் உட்கார வைப்பவர்.

"அண்ணன் கல்யாணம் முடியட்டும், மறுநாளே அப்பாகிட்ட பேசறேன்" என்றாள் தேன்மொழி. "நீ கம்பெனி ஃப்ரெண்டா வந்து, நல்ல பேரு வாங்கிகினு போ. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

வேறொன்றும் செய்ய வேண்டாம் என்று அவள் தெளிவாகத்தான் சொன்னாள்.

அவளுடைய அண்ணன் சதீஷ் படப்பைப் பக்கம் வீட்டுமனை விற்பவர். அவருடைய தொழில் கூட்டாளி, யாரோ பயன்படுத்திய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். கல்யாணத்துக்கு அதைக் கொடுத்துவிட்டு, வேலையாகக் கோயம்புத்தூர் போய்விட்டார். மஞ்சள் நிறக் கார். இரண்டே கதவு. என்ஜின் பின்னால், சாமான் வைக்கும் பெட்டி முன்னால். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்புறத்தில் ஒரு றெக்கை. வேகமாகப் போனால் தானாக எழும்பும், வேகம் குறைந்தால் தானாக இறங்கும். உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்தினாலும் ஏறி இறங்கும். அதற்கு ஸ்பாய்லர் என்று பெயர். அன்றைக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. றெக்கைதான்.

முகூர்த்தத்தன்று காலை, படப்பை வீட்டு வாசலில் சதீஷ் பொத்தானை அழுத்தி அழுத்தி றெக்கையை ஏற்றி இறக்கிக் காட்டினார். தெருவே திரண்டு வந்து பார்த்தது. பிறகு சாமந்தி மாலைகளைச் சுற்றிக்கொண்டு, றெக்கையைத் தூக்கிக்கொண்டே கார் ஒரகடம் கல்யாண மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை இறங்கும் முன் றெக்கையை இறக்கப் பொத்தானை அழுத்தினார். அது பாதி தூரம் இறங்கியது. கொஞ்சம் யோசித்தது. மறுபடி மேலே போய்விட்டது. இன்னொரு தடவை அழுத்தினார். பாதி இறங்கி, மறுபடி மேலே.

"டேய், அய்யரு கூப்டறாரு, எறங்கு" என்று கோதண்டம் சாவியை வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளை உள்ளே போனார். கோதண்டம் காரின் பின்பக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "மாப்ள வந்த வண்டி, பின்னாடி தூக்கிகினு நிக்குது. பாக்க நல்லாவா கீது?" என்றார். பிறகு கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்தார். "தம்பி, நீ கார் கம்பெனில தான கீற? இன்னா ஏதுன்னு பாரு."

அந்த இடத்தில், 'எனக்கு இடப்பக்கக் கொக்கி மட்டும்தான் தெரியும் அங்கிள்' என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் நல்ல பெயர் வாங்கும் வாய்ப்பு வீடு தேடி வந்து நிற்கிறது. தேன்மொழி மண்டப வாசலிலிருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அதை நான் வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு, "பாத்துருவோம் அங்கிள்" என்றேன்.

எங்கள் கம்பெனியில் எந்தப் பழுதுக்கும் ஒரு முறை உண்டு. 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்க வேண்டும். ஐந்தாவது 'ஏன்'னில் மூல காரணம் தானே வந்து மாட்டிக்கொள்ளும் என்பார் சூப்பர்வைசர். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுற்றி நின்ற உறவினர்களுக்குக் கேட்கும்படி ஆரம்பித்தேன். றெக்கை ஏன் இறங்கவில்லை? மோட்டார் இழுக்கவில்லை. மோட்டார் ஏன் இழுக்கவில்லை? கரண்ட் போதவில்லை. ஏன் போதவில்லை? கம்ப்யூட்டர் தடுக்கிறது. ஏன் தடுக்கிறது? அதற்கு ஏதோ குழப்பம். ஏன் குழப்பம்? இந்த இடத்தில் எனக்கே குழப்பமாகிவிட்டது. ஆனால் ஒரு பெரியவர், "பையன் வெவரமாத்தான் பேசறான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

(இந்த முறைக்கு முன்னால் இன்னொரு விதி உண்டு. பழுதான இடத்தை முதலில் கையால் தொட்டுப் பார் என்பது அந்த விதி. பட்டு வேட்டியில் கறை படும் என்று அதை நான் தாண்டி வந்துவிட்டேன்.)

குழப்பம் என்றால் வைத்தியம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. செல்போனில் செய்வதுபோல ஒரு தடவை அணைத்து எழுப்பினால் போதும். காரை எப்படி அணைப்பது? பேட்டரியைக் கழற்ற வேண்டும். இணையத்தில் ஒரு வீடியோ பார்த்தேன். பேட்டரி முன்பெட்டிக்குள் இருந்தது. கோதண்டத்திடம் வாங்கிய சாவியை அழுத்தியதும் பெட்டி திறந்தது. உள்ளே சிவப்புப் பட்டுத் துணி போர்த்திய ஒரு தட்டு. பூஜைச் சாமான் போலிருக்கிறது என்று நினைத்து, பயபக்தியோடு இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக நகர்த்தினேன். சமையற்கட்டில் கேஸ் சிலிண்டருக்கு வைத்திருந்த ஸ்பேனரை வாங்கி வந்து பேட்டரி வயரைக் கழற்றினேன். தட்டை மறுபடி பத்திரமாக அதன் இடத்தில் வைத்தேன்.

கொஞ்ச நேரம் அப்படியே விட வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். அதற்குள் டிபன் சாப்பிட்டுவிடலாம். ஆனால் சின்னப் பிள்ளைகள் காரைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் லைனில், இடத்தை விட்டு நகரும்போது எதையும் திறந்து போட்டுவிட்டுப் போனால் தொலைத்துவிடுவார்கள். பாதுகாப்புதான் முதலில். நான் முன்பெட்டியின் மூடியைப் பொறுப்போடு அழுத்தி மூடினேன். பழுதுபார்க்கும் வண்டியில் சிவப்பு அட்டை தொங்கவிடுவது எங்கள் வழக்கம். அட்டை இல்லாததால் வைப்பரில் ஒரு வாழையிலைத் துண்டைச் செருகிவிட்டு, சாவியைத் தேன்மொழியிடம் கொடுத்துவிட்டு, திருப்தியோடு பந்திக்குப் போனேன்.

இரண்டாவது வடையில் கை வைத்தபோது தேன்மொழி வந்தாள்.

"செல்வம், முன்னாடி பொட்டி தொறக்க மாட்டேங்குது."

"சாவியை அழுத்து."

"அழுத்தறேன். காரு செத்த மாதிரி கீது."

"ஆமா, பேட்டரியைக் கழட்டியிருக்கேன்லா. பேட்டரியை மாட்டினா தொறக்கும்."

"பேட்டரி எங்க கீது?"

நான் பதில் சொல்வதற்காக வாயைத் திறந்தேன். வடை மட்டும் உள்ளே இருந்தது.

பேட்டரி பெட்டிக்குள். பெட்டி திறக்க பேட்டரி வேண்டும்.

"சரி, அதுல என்ன அவசரம்?" என்றேன், தைரியமாக.

"அம்மா தாலித் தட்ட அதுக்குள்ளதான் வெச்சிருக்காங்க" என்றாள் தேன்மொழி.

அதற்குப் பிறகு நடந்தவை எனக்குக் கோர்வையாக நினைவில் இல்லை. இலையை மூடினேனா என்றுகூடத் தெரியாது. காரைச் சுற்றி மொத்த மண்டபமும் நின்றது. ஒருவர் மூடியைக் குத்தினார், ஒருவர் தடவினார். கடப்பாரை என்று யாரோ சொன்னார்கள். மஞ்சள் கயிற்றில் மஞ்சளைக் கட்டி இப்போதைக்கு முடித்துவிடலாம் என்றார் ஒரு மாமா. தேன்மொழியின் அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் பின்வரிசைக்குப் போய்விட்டார். "ஸ்ரீபெரும்புதூரு பெருமாள் கோயில்ல சாமி பாதத்துல வெச்சு எடுத்தாந்த தாலி. அதான் எம் புள்ள கட்டணும்" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. நல்ல பெயர், என் கல்யாணம் எல்லாம் போகட்டும். அந்தத் தாலி மட்டும் வெளியே வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். அய்யர் வாசல்வரை வந்து, முகூர்த்தம் முடிய அதிக நேரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோதண்டம் கத்தவில்லை. காரின் சொந்தக்காரருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"பேட்டரிய கழட்டி மூடிட்டீங்களா?" என்றது போன். "எந்த அறிவாளிங்க அது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சொந்தக்காரர் வழி சொன்னார். சாவிக்குள் இருக்கும் சின்னச் சாவியால் கதவைத் திறந்தால், டிரைவர் காலடியில் ஃபியூஸ் பெட்டி. அதில் ஒரு சிவப்பு முனையை வெளியே இழுத்து, வேறு வண்டி பேட்டரியிலிருந்து அங்கே கரண்ட் கொடுக்க வேண்டும். இன்னொரு வயரைக் கதவின் கொக்கியில் மாட்ட வேண்டும். "அலாரம் அடிக்கும். சாவில பட்டன அழுத்துனா நிக்கும்" என்றார் கடைசியாக.

கோதண்டம் தன் ஷேர் ஆட்டோவைக் காருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். வயரை எடுத்தார். இடப்பக்கக் கதவிலும் ஒரு கொக்கி இருந்தது. அது என் துறை என்பதால், உதவலாம் என்று கை நீட்டினேன்.

"தம்பி" என்றார். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. "நீ எதுலயும் கை வெக்காத. ரெண்டு கையையும் மேல தூக்கு. நான் சொல்ற வரைக்கும் கீழ எறக்காத."

தூக்கினேன்.

வயர் பட்டது. தேன்மொழி சாவியை அழுத்த, முன்பெட்டி டக்கென்று திறந்தது. அதே நொடியில் அலாரம் அலற ஆரம்பித்தது. தேன்மொழி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அம்மா அவள் பின்னால் ஓடினார். கோதண்டம், மகன் தாலி கட்டுவதைப் பார்க்க ஓடினார். கடப்பாரை கேட்டவர்களும் ஓடினார்கள். அலாரத்தை நிறுத்த வேண்டிய சாவி, தேன்மொழியின் கையில், தட்டோடு சேர்ந்து மேடைக்குப் போய்விட்டது.

வெளியே நான், ஒரு ஆட்டோ, அலறுகிற ஒரு கார். வயரைப் பிடுங்கினால் சத்தம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். இடப்பக்கக் கொக்கிக்காரனுக்குக்கூட அது தெரியும். ஆனால் கையை இறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். ரோட்டில் போன கம்பெனி பஸ்ஸிலிருந்து ஷிப்டுக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதில் எங்கள் சூப்பர்வைசரும் இருந்தார். எனக்குக் கை ஆட்டினார். நான் ஏற்கெனவே தூக்கியிருந்ததால் தனியாக ஆட்ட வேண்டியிருக்கவில்லை.

உள்ளே அய்யர் கெட்டிமேளம் சொன்னாராம். யாருக்கும் கேட்கவில்லை. நாதஸ்வரக்காரர் கொஞ்ச நேரம் அலாரத்தோடு போட்டி போட்டுப் பார்த்துவிட்டு வாத்தியத்தை இறக்கிவிட்டார். சதீஷ் தாலி கட்டிய வீடியோவை இன்றைக்கு எங்கள் வீட்டு டிவியில் போட்டாலும் பொன்னான அந்த நேரத்தில் கேட்பது பாம்... பாம்... பாம் மட்டும்தான்.

தாலி கட்டி முடிந்த பிறகு தேன்மொழிக்குச் சாவி ஞாபகம் வந்து, ஒருவழியாகச் சத்தம் நின்றது. கோதண்டம் வெளியே வந்தார். நான் அதே இடத்தில், அதே கோலத்தில் நின்றுகொண்டிருந்தேன். தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது.

"இன்னும் எறக்கலியா நீ?"

"நீங்க இன்னும் சொல்லலியே அங்கிள்."

"எறக்கு" என்றார்.

பிறகு பேட்டரி வயரை அவரே மாட்டினார். மாலைகளை அவிழ்த்தபோது, றெக்கைக்கு அடியில் இருந்த இடுக்கிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்தது. றெக்கை இறங்கிவந்து அதன்மேல் மோதி மோதித் திரும்பியதில், ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கோதண்டம் பொத்தானை அழுத்தினார். றெக்கை சமர்த்தாக இறங்கிப் படுத்துக்கொண்டது.

"நான்தான் சொருகி வெச்சேன்" என்றார் தேன்மொழியின் அம்மா. "தெருவே வாயப் பொளந்துகினு பாத்துச்சு. கண்ணு படாம இருக்கட்டும்னு." அந்தப் பழத்தைக் கையில் எடுத்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "பட்டுத்தான் போச்சு."

மறுநாள் தேன்மொழி சொன்னபடியே அப்பாவிடம் பேசினாள். நான் ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். போன் வந்தது.

"அப்பா ஒத்துக்கினாரு."

"எப்படி?"

"'கைல எதையும் குடுக்கக் கூடாது. ஆனா சொன்னா சொன்ன மாதிரி நிக்கிறான். உனக்கு அதான வேணும்'னு கேட்டாரு. ஆமான்னேன்."

எங்கள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம் மாமனாரின் ஷேர் ஆட்டோவில் நடந்தது. தாலி அவருடைய சட்டைப் பையிலேயே வந்தது. கம்பெனியில் இப்போது எனக்குப் பதவி உயர்ந்து வலப்பக்கக் கொக்கியும் என் பொறுப்பில் இருக்கிறது. வீட்டில் மட்டும் உயர்வு இல்லை. மிக்ஸி நின்றாலும் ஃபேன் நின்றாலும் தேன்மொழி முதலில் சொல்வது, "நீ கைய தூக்கிகினு நில்லு, நான் ஆள கூப்டறேன்" என்பதுதான்.

போன வாரம் தாம்பரத்தில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போயிருந்தோம். வண்டி நிறுத்தும் இடத்தில் யாருடைய காரோ திடீரென்று அலற ஆரம்பித்தது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். எங்கள் நான்கு வயது மகள் மட்டும் சட்டென்று இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாள்.

"இன்னா பாப்பா, பயமா?" என்று கேட்டார் காவலாளி.

"இல்ல அங்கிள்" என்றாள் அவள். "யாரோ தாலி கட்டறாங்க."