மணமறியா ஈயை ஷர்லி வளைத்த படலம்

வாழி ஷர்லி! ஆவூர் ஈன்ற அருந்தவப் புதல்வி, புதுக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் துறைக்கு வாய்த்த வெண்மேலங்கி வீராங்கனை, பழ ஈக்களின் நாசிநூல் கற்ற நங்கை வாழி, வாழி! அன்னவள் ஒரு பிற்பகலில் கண்ணாடிக் குப்பியின் பஞ்சடைப்பைச் சற்றே நெகிழ்த்த, உள்ளிருந்த ஒரே ஈ, கருவுற்ற பெண் ஈ, எள்ளளவு உடலைத் தூக்கிக்கொண்டு விண்ணேகியது. பெங்களூரிலிருந்து கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய வம்சத்தின் கடைசிக் கொழுந்து அது. அது போனால் நாளைய வகுப்பும் போச்சு, இனிப் பிறக்கவிருந்த ஈக்களும் போச்சு.

"சார், கதவைத் தொறந்துராதீங்க! அங்கிட்டே நில்லுங்க!" என்று முரசறைந்தாள்.

அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்த வேதியியல் ஆசிரியர் திருப்பதி, வீட்டுக்கென ஆலங்குடியில் வாங்கிய பலாச்சுளைப் பொட்டலத்தோடு தூணென நின்றார். பறித்தாள் பொட்டலம், பிரித்தாள் கணத்தில், மேசை நடுவே படையலிட்டாள் பொன்னிறச் சுளைகளை. மணம் கிளம்பிற்று. மேல்சாளரத்து இடுக்கு வழியே ஊர் ஈக்களெல்லாம் கொடியின்றிக் கொம்பின்றிப் படைபடையாய் வந்திறங்கின. அவற்றின் உணர்கொம்பில் காவல் நிற்கும் நரம்பணுக்களுள், ஒரே மணத்தை முகர்பவை எங்கெங்கு நின்றாலும் மூளையின் ஒரே முடிச்சுக்குத்தான் சேதி கொண்டோடும், "பலா! பலா!" என அம்முடிச்சு முழங்க, ஈயும் சுளைமேல் விழும்.

தேடிய ஈ மட்டும் வரவில்லை. ஷர்லி நெற்றியில் அறைந்துகொண்டாள். அந்த வம்சத்து நரம்பணுக்கள் மூளை வரை ஒழுங்காகவே நீண்டிருந்தும் பழவாசனைச் சேதி எதையும் சுமவாத ஊமைத் தூதர்கள். அதற்காகத்தானே கெஞ்சி வாங்கினாள்! மணமறியாப் பகைக்கு மணத்தால் வலைவிரித்த மடமையை என்னென்பது? ஆயினும் அஞ்சாள். பலாவை மதியாத ஈ எதுவோ அதுவே தன் ஈ எனத் தெளிந்து, விழிகளை வேலாக்கி அறையைத் துழாவினாள்.

ஊரே விருந்துண்ண, ஓர் ஈ மட்டும் தனித்து வீற்றிருந்தது, திருப்பதியின் மூக்கு நுனியில்.

"சார், மூச்சுகூட விடாதீங்க. இந்தா வாரேன்."

குப்பியை வாளென உயர்த்தி, நாற்காலி கடந்து, மேசை சுற்றி, அடிமேல் அடிவைத்து அணுகினாள் ஆவூர் மங்கை. திருப்பதியின் கண்கள் குளமாயின, நாசி துடித்தது, குப்பியின் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே ஒரு நெல்லளவே எஞ்சிய அக்கணத்தில், இமைத்தலே அறியாத விண்ணவரும் ஒருமுறை இமைத்துவிட,

திருப்பதி சார் தும்மிவிட்டார்.