பச்சைப் பெட்டியில் கரை சேர்ந்த அப்பாசாமி

கண்ணால் பார்த்து நம்பும் அநாகரிகத்தை மனிதகுலம் 2006-ஆம் ஆண்டு கூடுவாஞ்சேரியில்தான் கைவிட்டது. இந்த வரலாற்று நிகழ்வு ஜி.எஸ்.டி. சாலையில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் நடந்தது. நான் அங்கே சோதனைப் பிரிவில் இருந்தேன் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

கடப்பாக்கத்தில் ஒரு மீனவர் சங்கத்துக்கு மென்பொருள் செய்து கொடுத்தோம். திரையில் படகுக்கு ஒரு பெட்டி. படகு திரும்பியதும் பெட்டியில் ‘கரை சேர்ந்தது’ என்று வரும். வராவிட்டால் சங்கத்தின் விசைப்படகு தேடப் போகும். இது ஒழுங்காக நடக்கிறதா என்று மனிதர்கள் உட்கார்ந்து பார்ப்பது கௌரவக் குறைச்சல் என்பதால் ஸ்கிரிப்ட் என்ற ஒரு குட்டி நிரலை எழுதினோம். அது தானே திரையைத் திறந்து பெட்டியின் ‘பண்புகளை’ப் படிக்கும். நிறம் என்ன, அகலம் என்ன, உள்ளே எழுதியிருப்பது என்ன. ‘கரை சேர்ந்தது’ என்று இருந்தால் அறிக்கையில் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

எங்கள் மேலாளர் கோதண்டராமனுக்குச் சிவப்பு ஆகாது. ஒப்படைப்புக்கு முந்தைய நாள் பார்த்துப் பெட்டிகள் எல்லாம் காலியாக வந்தன. நிரல் எழுதும் வெங்கடேசனைக் கூப்பிட்டார்.

“ஸ்கிரிப்ட் இன்னா கேக்குது?”

“பெட்டில ‘கரை சேர்ந்தது’ன்னு இருக்கணுமாம் சார்.”

“அப்ப இருக்க வெச்சிடுப்பா. இதுக்கா இவ்ளோ யோசன?”

வெங்கடேசன் அந்த இரண்டு சொற்களையும் எல்லாப் பெட்டிகளிலும் நிரந்தரமாக எழுதிவிட்டார். டீ ஆறுவதற்குள் அறிக்கை முழுக்கப் பச்சை. கோதண்டராமன் கண் கலங்கினார். கீழே பேக்கரியிலிருந்து எல்லோருக்கும் பஃப்ஸ் வந்தது.

ஐப்பசியில் அப்பாசாமி என்ற மீனவரின் படகு போனது, திரும்பவில்லை. அவர் மனைவி கன்னியம்மா சங்கத்துக்கு ஓடினார். செயலாளர் திரையைப் பார்த்துவிட்டு “ஆளு வந்தாச்சே” என்றார். அந்தம்மா விடாமல் நிற்கவே, எங்களுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். கோதண்டராமன் ஸ்பீக்கரில் பேசினார்.

“சார், எங்க வூட்டுக்காரரு இன்னும் வரல. உங்க பொட்டி வந்துட்டாருன்னு சொல்லிகினு கீது.”

“ஒரு நிமிஷம்மா.” ஸ்கிரிப்டை ஓட்டினார். பச்சை. “வந்துட்டாரும்மா.”

“எங்க சார் கீறாரு?”

“அது எங்க மாட்யூல்ல வராதும்மா. கரையில நல்லா தேடிப் பாருங்க.”

“போட்டே காணோம் சார்.”

“நீங்க பதட்டத்துல பாக்கறீங்க. ஸ்கிரிப்ட் பதட்டப்படாது.”

ஸ்பீக்கரில் அந்தம்மா விசும்பியது கேட்டது. நான் அறிக்கையை இன்னொரு முறை பார்த்து மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

சங்கத்தின் விசைப்படகு கிளம்பவில்லை. வந்துவிட்டவரைத் தேட டீசல் ஒதுக்க விதியில் இடமில்லை. கன்னியம்மா தன் அண்ணனின் காலில் விழுந்து அவர் படகை அனுப்ப வைத்தார். எஞ்சின் நின்றுபோய் அலையோடு போய்க்கொண்டிருந்த அப்பாசாமியை, குடிக்கத் தண்ணீர்கூட இல்லாத நிலையில் கண்டுபிடித்து, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

செய்தி கேட்டுக் கோதண்டராமன் துள்ளிக் குதித்தார். “பாத்தீங்களா? அவருக்கே தெரியறதுக்கு முன்னாடி நாம சொல்லிட்டோம்.”

தலைமையகமும் அப்படியே கருதியது. மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் ‘துல்லிய விழா’ நடந்தது. கோதண்டராமனுக்குக் கேடயம். வாழும் சான்றாக அப்பாசாமியை மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி, மைக்கை நீட்டினார்கள். கோதண்டராமன் கேட்டார்.

“நீங்களே சொல்லுங்க அப்பாசாமி. எங்க ஸ்கிரிப்ட் சொன்ன மாதிரியே கரை சேந்தீங்களா, இல்லியா?”

அப்பாசாமி கூட்டத்தை ஒரு முறை பார்த்தார்.

“சேந்தேன் சார். அது சொன்னத என் சம்சாரம் நம்பல. அதான் சேந்தேன்.”