பெஹாலா சமாதான விருந்து: என் தரப்பு விளக்கம்

அந்த நாள் வரை என் வாழ்வில் தோல்வி என்று எதுவும் கிடையாது. பொருளாதாரத்தில் முதுகலை, பொதுத்துறை நிறுவனமொன்றில் துணைப் பொது மேலாளர், குடியிருப்போர் சங்கத்துக்குப் போட்டியின்றித் தேர்வான தலைவர் (போட்டியிட ஆள் வரவில்லை என்பது வேறு விஷயம்). ஓய்வுக்குப்பின் பெஹாலாவில் ஒரு சமாதானத் தொண்டு நிறுவனத்தின் கௌரவ ஆலோசகர்.

ஆகவே, நிதி வழங்கும் வெளிநாட்டு விருந்தினர் முன்னிலையில் ஒவ்வொருவரும் தம் தோல்வியொன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று இயக்குநர் மதுமிதா அறிவித்தபோது, என்னிடம் சரக்கே இல்லை. ஒளிப்பவர்களுக்கு அடுத்த திட்டத்தில் இடமில்லை என்றும் சொல்லிவிட்டார். யோசித்து, கண்ணியமான தோல்வி ஒன்றைத் தயாரித்தேன்.

"அளவுக்கு மீறிய காலந்தவறாமையே என் தோல்வி," என்று மேடையில் தொடங்கினேன்.

"சுந்தரம் பாபு, அந்த விருந்தைச் சொல்லுங்க!"

பின்வரிசையில் பாப்பி. பக்கத்தில் மொன்ட்டு. துர்கா பூஜை ஊர்வலத்தில் யார் முன்னால் போவது என்று அடித்துக்கொண்டிருந்த இரண்டு கிளப்புகளின் செயலாளர்கள். அவர்களைச் சேர்த்துவைக்க நான் சமபந்தி விருந்து நடத்தியது உண்மைதான்.

"அது சின்ன விஷயம்," என்றேன்.

"சின்னதா? வங்காளிக்கு விருந்து, மீனே கிடையாது!"

"மீனை விடு. ஒரு வார்த்தை நம்மளைக் கேட்டாரா?" மொன்ட்டு எழுந்துவிட்டான். "இலை நிறையப் புடலங்காய்க் கூட்டு. எங்க பசங்க அழுதே போயிட்டாங்க."

"உங்க கிளப்தான் முதல்ல ஓடிச்சு!"

"பொய்! சேர்ந்துதான் ஓடினோம். மீன் ஹோட்டலுக்கு வழி காட்டினதே உங்க ஆளுங்க!"

அரங்கம் குலுங்கியது. அப்படியானால் சமாதானம் வந்ததா இல்லையா என்று விருந்தினர் ஒருவர் கேட்டார்.

"வந்துச்சே! மீன் ஹோட்டல்ல ஒரே மேஜையில உட்கார்ந்து இவரைத் திட்டித் திட்டியே ஃப்ரெண்ட் ஆயிட்டோம்," என்றான் மொன்ட்டு.

மதுமிதா என் பக்கம் திரும்பினார். "இதுல நீங்க கத்துக்கிட்டது என்ன சார்?"

ஆலோசகர் நாற்காலி என் கண்முன்னே ஆடியது. "சாப்பிடப் போகிறவர்களைக் கேட்டிருக்க வேண்டும்," என்றேன், ஒலிவாங்கிக்கே கேட்காத குரலில்.

"சத்தமா சார்!"

சத்தமாகச் சொன்னேன். கைதட்டினார்கள். (பணி ஓய்வு விழாவில்கூட இவ்வளவு தட்டவில்லை.) பதவி தப்பியது, மானம் தப்பவில்லை. இன்று அந்நிறுவனத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் பாடமே நான்தான், புகைப்படத்துடன். வீட்டில் என் மனைவியும் விடுவதில்லை. "ஏன்னா, இன்னிக்குக் கூட்டுப் பண்ணட்டுமா? ஓடிட மாட்டேளே?"

இரண்டு கிளப்பினரும் சாம்பாரைக் கண்டு ஓடினார்கள் என்று அந்தப் பாடத்தில் சொல்லப்படுகிறது. அது தவறு. சாம்பார் பரிமாறப்படவே இல்லை.