கையுறை போட்ட பொமேலியா

பதினேழு நுனிகள் இருந்தன. முட்டை ஓடு ஆறுதான் இருந்தது. நுன்சியோ மூன்றாம் தடவையாக எண்ணிப் பார்த்தார். கணக்கு மாறுவதாக இல்லை.

இலையெல்லாம் கொட்டி, மொட்டைக் கொம்புகளோடு பால்கனி மூலையில் நின்றது பொமேலியா. ஈழத்தலரி என்றால் உங்களுக்குத் தெரியும். பலேர்மோவில் இந்தச் செடி இல்லாத பால்கனி ஒன்று இருந்தால், அங்கே குடியிருப்பவர் வெளியூர்க்காரர் என்று அர்த்தம். வெயில் நாட்டுச் செடி என்பதால் குளிர் பட்டால் நுனி கருகிவிடும். அதற்காக நவம்பர் பிறந்ததுமே ஒவ்வொரு நுனிக்கும் பாதி முட்டை ஓட்டைத் தொப்பி மாதிரி கவிழ்த்துவிடுவார்கள். ஊரே செய்கிற வேலை அது. டிசம்பர் ஏழாம் தேதி வரை நுன்சியோ அதைச் செய்யவில்லை. செய்துவிட்டதாகத் தொலைபேசியில் ஐந்து முறை சொல்லியிருந்தார்.

மனைவி நின்ஃபா, கால் முறிந்த தங்கையைப் பார்த்துக்கொள்ள வடக்கே தோரினோ நகருக்குப் போயிருந்தாள். அன்று மதியம் ஆறாம் முறையாகக் கேட்டாள்.

"நுன்சியோ, ஓடு மாட்டிட்டியா?"

"மாட்டியாச்சுடி. எத்தனை தடவை சொல்றது?"

"எல்லா நுனிக்கும்?"

"எல்லாத்துக்கும். பட்டாளம் மாதிரி நிக்குது."

"சரி, நாளைக்குக் காலையில வீடியோவில காட்டு. ஏதாவது ஆச்சுன்னு வெச்சுக்கோ, நான் இங்கேயே தங்கச்சிகூட இருந்துடுவேன். திரும்பி வரமாட்டேன்."

இதை அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. அது கல்யாணச் செடி. இங்கே பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது, தாய் தன் செடியிலிருந்து ஒரு கொம்பை ஒடித்து மகள் கையில் கொடுத்தனுப்புவாள். செடி தழைத்தால் குடும்பம் தழைக்கும். மாமியார் ஒலிவா முப்பத்தோரு வருடத்துக்கு முன் கொடுத்த கொம்பு, வெறும் குச்சியாக வந்து, பிறகு கிளை விட்டு, வருடா வருடம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக்கொண்டிருந்தது. செஃபலூவில் இருக்கும் ஒலிவா ஒவ்வொரு ஜூலையும் திருவிழாவுக்கு வருவார், பூவை ஒரு பார்வை பார்ப்பார், ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அவர் வீட்டு மொட்டைமாடியில் எல்லா நிறத்திலும் பொமேலியா உண்டு. அப்படிப்பட்டவர் குறை சொல்லாததே பெரிய பாராட்டு என்று நுன்சியோ நினைத்துக்கொள்வார்.

தொலைபேசியை வைத்ததும் ஓடிப்போய் ஒரு டஜன் முட்டை வாங்கிவந்தார். ஆறை உடைத்ததில் முட்டைக்கு ஒரு பாதி ஓடுதான் முழுசாகத் தேறியது. ஆறையும் ஆம்லெட் போட்டு, கொழுப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டபடியே சாப்பிட்டு முடித்தார். வயிறு கல்லாகிவிட்டது. மீதி ஆறை அவித்து வைத்துக்கொண்டால் நாளைக்கு ஆகும் என்று தோன்றியது. அவித்தார், உரித்தார். அவித்த முட்டையின் ஓடு துண்டு துண்டாகத்தான் வரும் என்பது ஐம்பத்தெட்டு வயதில்தான் அவருக்குத் தெரியவந்தது.

மறுபடி கடைக்கு ஓடினால் கதவு இறங்கியிருந்தது. மறுநாள் மாதா பண்டிகை, ஊர் முழுக்கக் கடையடைப்பு.

வீட்டில் எதையெல்லாமோ தேடி, கடைசியில் நின்ஃபாவின் கம்பளிக் கையுறைகளைக் கண்டுபிடித்தார். இரண்டு கை, பத்து விரல். ஓடு ஆறு, விரல் பத்து, பதினேழாவதுக்குத் தையல் பெட்டியிலிருந்த விரல் கவசம். கத்தரிக்கோலை எடுத்தபோது தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

எதிர்ப் பால்கனி ஜிசெல்லா எதையும் தவறவிடாதவள்.

"என்ன நுன்சியோ அண்ணே, செடி எனக்கு டாட்டா காட்டுது?"

"இது புது முறை ஜிசெல்லா. வடக்கே எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க."

"வடக்கே பொமேலியாவே கிடையாதே அண்ணே!"

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் முட்டை ஓடு இருந்த பக்கத்தை மட்டும் நின்ஃபாவுக்குக் காட்டினார். "அந்தப் பக்கம் திருப்பு" என்று அவள் சொன்ன அதே நொடியில் போனில் சார்ஜ் தீர்ந்துபோனதாக ஏற்பாடு செய்துகொண்டார்.

அந்த வாரம் முழுக்க மழை. முட்டை ஓட்டில் மழை வழிந்து ஓடிவிடும். கம்பளியில் ஓடுமா? ஊறியது. எட்டாம் நாள் விரல்களைக் கழற்றியபோது பத்து நுனியும் கறுத்திருந்தன.

குளிர்தான் காரணம் என்று நுன்சியோ முடிவு கட்டினார். தொட்டியைத் தூக்க முடியாமல் இழுத்து, கூடத்தில் ஹீட்டர் பக்கத்தில் வைத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் பத்தே நாளில் ஒரு கொம்பில் பச்சையாக இலை எட்டிப் பார்த்தது. சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இலை விட்டால் தாகம் எடுக்குமே என்று தினம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். வெளியே நிற்கிற மற்ற வீட்டுச் செடிகளைப் பார்த்துப் பாவப்படக்கூடச் செய்தார்.

பிப்ரவரியில் ஜிசெல்லா சர்க்கரை கேட்டு வந்தாள். கூடத்தைப் பார்த்ததும் சர்க்கரையை மறந்தாள்.

"அண்ணே, குளிர்காலத்துல இதுக்குத் தண்ணி ஊத்துறீங்களா?"

"கொஞ்சமாத்தான். ஒரு செம்பு."

"ஒரு சொட்டு கூடாது! தூங்குற செடி அண்ணே அது. தண்டை அமுக்கிப் பாருங்க."

அமுக்கினார். விரல் உள்ளே போனது.

நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு செய்கிற வேலை நுன்சியோவுக்கு. இருபத்தெட்டு வருடமாக ஊர்க்காரர்களின் இறப்புச் சான்றிதழை நிதானமாக எழுதிக் கொடுத்தவர், அன்று செடியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். நின்ஃபா இல்லாத இந்த மூன்று மாதத்தில் வீடு எப்படி இருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். அவள் வராமலே போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தார். தாங்கவில்லை.

"ஜிசெல்லா, அவகிட்ட சொல்லிடாதே."

"நான் ஏன் சொல்றேன்? மார்க்கெட்ல சாரோன்னு ஒருத்தன் இருக்கான். அவன்கிட்ட போங்க."

சாரோ பொமேலியாக்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். நுன்சியோ வாயைத் திறப்பதற்கு முன்பே கையை உயர்த்தினான்.

"சொல்ல வேணாம் சார். செத்துப்போச்சு, வீட்டுல தெரியாது. அப்படித்தானே?"

"எப்படித் தெரியும்?"

"குளிர் முடிஞ்சா எனக்கு இந்த வியாபாரம்தான். ஆம்பளைங்க வருவாங்க, பொம்பளைங்க வருவாங்க, ஒரு தடவை பாதிரியாரே வந்தாரு. எத்தனை கொம்பு?"

"பதினேழு. பூ வெள்ளை. நடுவுல மஞ்சள்."

சாரோ ஒரு தொட்டியைக் காட்டினான். இலையில்லாத கொம்புகள். பதினாலுதான் இருந்தன.

"வெள்ளைதானா? நல்லாத் தெரியுமா?"

"எங்கம்மா மேல சத்தியம் சார்."

குச்சியைப் பார்த்துப் பூவின் நிறத்தைச் சொல்ல யாராலும் முடியாது. சாரோவின் அம்மா உயிரோடு இருக்கிறாரா என்றும் நுன்சியோ கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பழைய செடியைப் படுக்கை விரிப்பில் சுற்றி இறக்கிக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டு, புதியதைப் பழைய தொட்டியில் நட்டு மறுபடி பால்கனியில் வைத்தார்.

ஏப்ரலில் நின்ஃபா வந்தாள். பெட்டியை வைத்த கையோடு பால்கனிக்குப் போனாள். நுன்சியோ பின்னாலேயே போனார். கால் தரையில் பட்டதாக அவருக்கு ஞாபகமில்லை.

"என்ன, இளைச்சுப்போயிருக்கு?"

"நீ இல்லாத ஏக்கம்."

"செடிக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

நின்ஃபா சிரித்துவிட்டாள். நுன்சியோவுக்கு மூச்சு வந்தது. அந்தக் கையுறை எங்கே என்று அவள் கேட்டபோது பூச்சி அரித்துவிட்டது என்றார். அந்தப் பொய்யும் எடுபட்டது.

ஜூன் மாதம் மொட்டு வைத்தது. மொட்டு சிவப்பாக இருந்தது. வெள்ளைப் பூவின் மொட்டும் கொஞ்சம் சிவந்துதான் இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். ஒரு விடியற்காலையில் முதல் பூ விரிந்தது. நல்ல ரோஸ் நிறம். சந்தேகத்துக்கு இடமே வைக்காத ரோஸ்.

அவசரமாகப் பறித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனார். மறுநாள் இரண்டு பூ. அதற்கு மறுநாள் ஐந்து. வேலைக்குப் போகும் வழியில் குப்பைத் தொட்டியில் போடலாம் என்று நினைத்து மறந்தும்விடுவார். நான்காம் நாள் சாயங்காலம் வந்தபோது, துவைக்க எடுத்த கோட்டு ஒரு கையிலும் வாடிய ரோஸ் பூக்கள் இன்னொரு கையிலுமாக நின்ஃபா நின்றிருந்தாள்.

அவள் முகம் வெளுத்திருந்தது. அவரைப் பார்த்தாள். பால்கனியைப் பார்த்தாள். இப்போது கத்துவாள் என்று நுன்சியோ தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"சாப்பிடுறியா?" என்றாள் நின்ஃபா. "உனக்குப் பிடிச்ச கப்போனாத்தா பண்ணியிருக்கேன். கத்தரிக்காயை ரெண்டு தடவை பொரிச்சு."

அன்றிலிருந்து நுன்சியோவின் கஷ்டகாலம் ஆரம்பித்தது. தினம் விருந்து. ஒருநாள் கத்திமீன் சுருள், ஒருநாள் மத்தி போட்ட பாஸ்தா. சட்டைகளுக்கு இஸ்திரி. கால்பந்து பார்க்கும்போது குறுக்கே நடக்காமல் குனிந்து போனாள். முப்பத்தோரு வருடத்தில் நடக்காத அதிசயம். தூக்குத் தண்டனைக் கைதிக்குத்தான் இப்படி உபசாரம் செய்வார்கள். அம்மா வரட்டும், அவள் முன்னால் வைத்து விசாரிக்கலாம் என்று காத்திருக்கிறாள் என அவருக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. எடை வேறு மூன்று கிலோ கூடியது.

ஒருமுறை அவரே வாயெடுத்தார்.

"நின்ஃபா, அந்தச் செடி விஷயமா..."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று அவசரமாக வெட்டினாள். "இன்னும் ரெண்டு சுருள் வெச்சுக்கோ."

பறிப்பதை அவர் நிறுத்திவிட்டார். இனி ஒளித்து என்ன பயன்? ஜூலையில் பதினாலு கொம்பும் ஒரே ரோஸ் மயமாக நின்றன. ஜிசெல்லா எதிர்ப் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, சிலுவைக் குறி போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

திருவிழாவுக்கு முதல் நாள் ஒலிவா வந்தார். எழுபத்தொன்பது வயது. கையில் ஒரு பை நிறைய நத்தை, பூண்டு போட்டுச் சமைக்க. பையை மேஜைமேல் வைத்துவிட்டு, வருடா வருடம் போகிற மாதிரி நேராகப் பால்கனிக்குப் போனார்.

நின்றார். வழக்கமான ஒரு பார்வையோடு திரும்பவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு கொத்தை இழுத்து முகர்ந்தார்.

நின்ஃபா கதவோரத்தில் கைத்துண்டை முறுக்கிக்கொண்டு நின்றாள். நுன்சியோ அவளுக்குப் பின்னால் நின்றார். எப்படியும் முதலில் தன்னைத்தான் திட்டுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் மனைவி அந்தத் துண்டை ஏன் இப்படிப் பிழிகிறாள் என்று மட்டும் புரியவில்லை.

"நல்லா இருக்கு" என்றார் ஒலிவா.

"நத்தையை... நத்தையைக் கழுவணும்மா" என்று சொல்லிவிட்டு நின்ஃபா சமையலறைக்கு ஓடிவிட்டாள்.

ஒலிவா மருமகனைப் பக்கத்தில் வரச் சொல்லி, கன்னத்தைக் கிள்ளி, காதோடு காதாகச் சொன்னார்:

"யார் வேலைன்னு நான் கேக்கப்போறதில்ல மாப்ளே, ஆனா கல்யாணத்தன்னிக்கு நான் கொடுத்தது ரோஸ் செடி, முப்பத்தோரு வருஷத்துல இன்னிக்குத்தான் அதை இந்த வீட்டுல பாக்குறேன்!"