வியோலேட்டா மூன்று தரம் சோறு போட்டுக்கொண்ட விவரம்

லிபாகன் கடற்கரை,
பனாய் தீவு.
அக்டோபர் 4

மரியாதைக்குரிய மூத்த சகோதரி பசிலிசா அவர்களுக்கு,

நம் வழக்கப்படி ஆசி வேண்டி, தங்கள் வலது கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றிக்கொண்டதாகப் பாவித்துத் தம்பி அனாக்லெடோ எழுதும் கடிதம். தங்கள் முழங்கால் வலியும் அத்தானின் இரத்த அழுத்தமும் நலம்தானா? இங்கே நானும் என் மனைவி வியோலேட்டாவும் ஆண்டவர் அருளால் நலம். என் இடது கைக் கட்டைவிரல் மட்டும் கொஞ்சநாள் நலமாக இல்லை. அதைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறது.

"மணிலா வீட்டைத் துடைத்து, மெத்தையை வெயிலில் போட்டு வைத்திருக்கிறேன். எப்போது திரும்புகிறீர்கள்?" என்று போன கடிதத்தில் ஒரே வரியில் கேட்டிருந்தீர்கள். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத நிலையில் இருப்பதால், நில அளவை அலுவலகத்தில் முப்பத்தேழு வருடம் வரைபடம் போட்டவன் என்ற முறையில் எல்லைக் கல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

நாங்கள் இங்கே வந்து இறங்கிய அன்றே, பெட்டிகளைக்கூடப் பிரிக்கவில்லை, வியோலேட்டா தன் சமையல் ஏப்ரனைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டாள். "இதோ பாருங்க, உங்களுக்கு ரிட்டயர்மென்ட்னா எனக்கும் ரிட்டயர்மென்ட்தான். கடல் ஓரமா இருந்து தினம் புது மீன் சாப்பிடணும்னு ஆசைப்பட்டது நீங்க. ஆக்கிப் போடுங்க. ஆறு மாசம் டைம். அதுக்குள்ள ஒரே ஒரு வேளை, நீங்க கெஞ்சாம, நான் முகம் சுளிக்காம, தட்டைக் காலி பண்ணணும். இல்லைன்னா மணிலாவுக்குத் திரும்பிடலாம்" என்றாள். நான் சிரித்தேன் அக்கா. ஆயிரக்கணக்கான ஏக்கரை அங்குலம் பிசகாமல் காகிதத்தில் இறக்கியவனுக்கு ஒரு மீனைச் சட்டியில் இறக்குவதா பெரிய காரியம் என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் காலை கரைக்குப் போனேன். இங்கே படகு வந்ததும் மீனை ஏலம் எடுத்து விற்கிறவள் இத்திங் என்று ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயது இருக்கும், குரல் மட்டும் ஒலிபெருக்கி. அவள் கூடையில் இருந்த மீனெல்லாம் கண்ணாடி மாதிரிக் கண்ணை வைத்துக்கொண்டு என்னையே முறைத்தன. மணிலா சந்தையில் ஐஸில் கிடக்கிற மீனுக்குக் கண் பால் கலந்த மாதிரி அடக்கமாக இருக்குமே, அதையே பார்த்துப் பழகினவனுக்கு இது ஏதோ நோய் பிடித்த மீன் என்று தோன்றியது. ஓரமாக ஒரு பழைய வாளியில் நமக்குத் தெரிந்த கண்ணோடு கொஞ்சம் மத்தி கிடந்தது. "அதைக் கொடும்மா" என்றேன். "ஐயா, அது தூண்டில்ல கோக்க வச்சிருக்கிற இரை" என்றாள். எனக்குக் காதில் விழவில்லை என்பது போல இன்னும் இரண்டு கை சேர்த்துப் போடச் சொன்னேன். அன்று முழுக்கக் கரையில் சிரிப்பு ஓயவில்லையாம். அன்றைக்கு வியோலேட்டா என்ன சாப்பிட்டாள் என்கிறீர்கள்? அலமாரியிலிருந்து டப்பா மீனை எடுத்து, ஜன்னலைத் திறந்து, கடலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். அவ்வளவு பெரிய கடலுக்கு முன்னால் தகர டப்பா! எனக்கு உயிரே போய்விட்டது.

அடுத்த வாரம் கண் தெளிவாக இருக்கிற மீனாகவே வாங்கி வந்தேன். வெளியே மழை என்பதால் கூடத்தில் உட்கார்ந்து செதில் சீவினேன். செதில் பறக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை அக்கா! சுவர், நாற்காலி, என் மூக்குக்கண்ணாடி, கடைசியில் நம் அம்மா கொடுத்த குழந்தை யேசு சொரூபத்தின் சிவப்பு அங்கி முழுக்க ஒட்டிக்கொண்டது. துடைப்பதற்குள் பக்கத்து வீட்டு அம்மாள் வந்துவிட்டாள். சொரூபத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, "எவ்வளவு அழகா ஜிகினா தைச்சிருக்கீங்க! எந்தத் தையல்காரர்?" என்று கேட்டாள். வியோலேட்டா என்னைக் காட்டினாள். இப்போது அந்த அம்மாள் தன் வீட்டு மாதாவுக்கும் தைத்துத் தரச் சொல்கிறாள்.

சீவத் தெரிந்த பிறகு வெட்டுவதில் ஒரு தொல்லை. நான் ஸ்கேலை வைத்து, பென்சிலால் கோடு போட்டு, சரியாக நாலு சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு வெட்டினேன். எல்லாத் துண்டும் ஒரே அளவு, எல்லாத் துண்டிலும் நொறுங்கின முள். குடலை எடுக்க வேண்டும் என்ற தகவல் கொதி வந்த பிறகுதான் மூக்குக்குத் தெரிந்தது. அதற்கும் அடுத்த தடவை ஓரா மீன் வாங்கினேனா, அதன் முதுகில் இருக்கிற விஷ முள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. ஐயோ அக்கா, பல்வலியைக் கொண்டுபோய் விரலில் வைத்த மாதிரி ஒரு வலி! என் கூச்சல் கேட்டுக் கரையிலிருந்து இத்திங்கின் வீட்டுக்காரர் ஓடி வந்து, பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து என் கையை முக்கிப் பிடித்துக்கொண்டார். நான் குழந்தை மாதிரி அழுதேன், வெளியே சொல்லாதீங்க.

அன்றைக்கு இத்திங் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லிட்டா. "மணிலா ஐயா, இனிமே உங்களுக்கு மீன் கிடையாது."

"ஏம்மா? காசு குடுத்துத்தானே வாங்குறேன்?"

"காசு யாருக்கு வேணும்? என் வீட்டுக்காரர் விடியறதுக்கு முன்னால போய் அலையில அடிபட்டுப் பிடிச்சிட்டு வர்றாரு. அதை நீங்க அடிக்கோல் வச்சு அளந்து கொல்றீங்க. அது ஏற்கெனவே செத்துப் போச்சுங்க, ஐயா. இன்னொரு தரம் எதுக்கு?"

சுற்றி நின்ன அத்தனை பேரும் சிரிச்சாங்க. எனக்கு ரோஷம் வந்திடுச்சு. வேறே என்ன செய்ய, டப்பா மீன் சாப்பிடறதுக்கா வேலையை விட்டு இத்தனை தூரம் வந்தேன்? மறுநாள் காலையில போய் அவ பக்கத்துல மணல்லயே உட்கார்ந்துட்டேன். "கூலி வேணாம். மீன் வேணாம். உன் கூடை மீனை நான் கழுவித் தரேன், எப்படின்னு மட்டும் காட்டு"ன்னேன். ஏற இறங்கப் பார்த்தா. கத்தியைத் திருப்பிக் கைப்பிடியை என் பக்கம் நீட்டினா. "ஸ்கேலை வீட்ல வச்சிட்டு வாங்க"ன்னா.

நாற்பது நாள் போனேன் அக்கா. செவுளுக்குள்ள விரலை விட்டா ஒரே இழுப்புல குடல் வரணும். முள்ளு எங்கே ஓடுதுன்னு கத்தி நுனிக்குத் தெரியணும். பென்சில் கோடு தெரிஞ்சு பிரயோஜனம் இல்லை. முதல்ல ஒரு மீனுக்கு அரை மணி நேரம். கடைசியில நான் பேசிக்கிட்டே கழுவுறேன், கை அதுபாட்டுக்குப் போகுது. சமையலும் அங்கேயே கேட்டுக்கிட்டேன். எண்ணெய் வேணாம், மசாலா வேணாம். இஞ்சி, தக்காளி, இந்தத் தீவுல கிடைக்கிற பத்துவான்னு ஒரு புளிப்புக்காய், பச்சை மிளகாய் ரெண்டு. "அவ்வளவுதானா?"ன்னேன். "நேத்துப் பிடிச்ச மீனுக்குத்தான் மசாலா. இது இப்பப் பிடிச்சது"ன்னா.

இதுக்குள்ள ஆறு மாசக் கெடு நெருங்கிடுச்சு. வியோலேட்டா பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வச்சிட்டா. சரியா அந்தக் கடைசி வாரம் பார்த்துத் தென்மேற்குக் காற்று பிடிச்சு அடிக்குது, ஒரு படகும் இறங்கலை. எட்டு நாள். நான் தினமும் கரையில நின்னு கடலைத் திட்டிட்டு வருவேன். கெடு முடியற அன்னைக்குக் காலையில காத்து கொஞ்சம் ஓய்ஞ்சது, இத்திங்கோட வீட்டுக்காரர் மட்டும் போய் வந்தார். ஒரே ஒரு பாரை மீன். கை நீளம் இருக்கும். டவுன் ஹோட்டல்காரன் வண்டியோட காத்துக்கிட்டு நிக்கிறான். நான் கூடைக்குப் பின்னால ஒதுங்கி நின்னேன். இத்திங் மீனைப் பார்த்தா, வண்டியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. அந்த ஹோட்டல்காரனைப் பார்த்து, "இது வித்தாச்சு. இந்த ஐயா நாற்பது நாளைக்கு முன்னாடியே வாங்கிட்டார்"ன்னா. நான் மூக்குக்கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சேன். அவ உடனே, "அழுது நிக்காதீங்க, மீன் சூடாகுது, ஓடுங்க!"ன்னு கத்தினா.

ஓடினேன். அறுபத்திரண்டு வயசுல மீனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓடினேன். அவசரத்துல மூக்குக்கண்ணாடியைக் கரையிலயே விட்டுட்டேன். கடிகாரமும் தெரியலை, அளவும் தெரியலை, மூக்கையும் கையையும் நம்பித்தான் ஆக்கினேன். தண்ணி கொதிச்சதும் இஞ்சி, புளிப்புக்காய், அப்புறம் தலை, அப்புறம் துண்டு. சட்டி மேல குனிஞ்சு பார்த்து, மீன் கண்ணு வெளுத்ததும் இறக்கிட்டேன்.

வியோலேட்டா முதல் கரண்டி குடிச்சா. சோறு போட்டுக்கிட்டா. குழம்பு ஊத்தினா. மறுபடியும் சோறு. நான் மூச்சு விடலை அக்கா. மூணாவது தரம் சோறு போட்டுக்கிட்டு, மீன் தலையைத் தூக்கித் தன் தட்டுல வச்சு, கன்னத்துச் சதையைப் பிச்சு, கண்ணை உறிஞ்சி, "உப்பு ஒரு சிட்டிகை கம்மி"ன்னு சொல்லிட்டு, சட்டியைச் சாய்ச்சு மிச்சத்தையும் குடிச்சிட்டா! எனக்கு ஒரு துண்டு வாலுதான் கிடைச்சது. அந்த வாலைக் கையில பிடிச்சுக்கிட்டே கரைக்கு ஓடி, "காலி பண்ணிட்டா! காலி பண்ணிட்டா!"ன்னு கத்தினேன். வலை உலர்த்திக்கிட்டிருந்தவங்கெல்லாம் கைதட்டினாங்க. இத்திங்கோட வீட்டுக்காரர் என்னைத் தூக்கி ஒரு சுத்துச் சுத்தி இறக்கினார்.

ஆகவே, அன்புள்ள அக்கா அவர்களே, மெத்தையை உள்ளே எடுத்துப் போட்டுவிடுங்கள். மணிலா வீட்டை நல்ல குடும்பமாகப் பார்த்து வாடகைக்கு விட்டுவிடுங்கள். நாங்கள் திரும்புவதாக இல்லை. கிறிஸ்துமஸுக்குத் தாங்களும் அத்தானும் கட்டாயம் வர வேண்டும். என் கையால் பரிமாறுவேன்.

தங்கள் வீட்டு அடுப்பும் அதைச் சுற்றி உட்காரும் அனைவரும் என்றும் குளிராமல் இருக்க, நம் பெற்றோரின் ஆசி துணை நிற்கட்டும்.

என்றும் பணிவுள்ள தம்பி,
அனாக்லெடோ

பி.கு.: அண்ணி, நான் வியோலேட்டா. உறையை ஒட்டச் சொல்லிக் கொடுத்துட்டுப் போயிருக்கார். மேலே எழுதினது அத்தனையும் உண்மைதான். நான் மூணு தரம் போட்டுக்கிட்டதும் உண்மைதான். அதுதான் நான் பண்ணின தப்பு. அன்னையிலிருந்து பதினொரு நாளா, மூணு வேளையும், அதே மீன், அதே புளிப்பு. கத்தரிக்காயைக் கண்ணால பார்த்து எவ்வளவு நாளாச்சு! வீட்டை யாருக்கும் விட்டுடாதீங்க. வெள்ளிக்கிழமை கப்பல்ல நான் மட்டும் வரேன், ஒரே ஒரு வாரம் கோழிக்கறி சாப்பிட்டுட்டுத் திரும்பிடறேன். உங்களுக்கு உடம்பு சரியில்லை, கூட இருந்து பார்த்துக்கணும்னு, இவர் இந்தக் கடிதத்தை எழுதி முடிச்ச பிறகுதான் சொன்னேன். அதைக் கேட்டதுமே கண் கலங்கிட்டார், பாவம். கப்பல்ல நானும் வரேன், அக்காவுக்கு நானே ஆக்கிப் போடுவேன்னு சொல்லி, ஒரு பெட்டி நிறைய மீன் சொல்லி வைக்க இப்பத்தான் கரைக்கு ஓடியிருக்கார்.