குளியலறை டால்ஃபினும் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டும்

மானமுள்ள எந்த மனிதனும் டால்ஃபின் முன்னால் குளிக்க மாட்டான் என்ற முடிவுக்கு, ஈரத்தலையோடு நின்றபடி ஒரு காலையில் நான் வந்து சேர்ந்தேன்.

எங்கள் குளியலறைச் சுவர் டைல் முழுக்க நீலக் கடல். நடுவில் ஆளுயர டால்ஃபின் ஒன்று துள்ளி எழுந்து, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு, நேராக என்னையே பார்க்கும். முதுகைக் காட்டினாலும் பார்ப்பது தெரியும். முட்டைகூட வாசற்படி ஏறாத வீடு எங்களுடையது. குளியலறையில் மட்டும் அவ்வளவு பெரிய மீன்.

"அது மீன் இல்லைங்க," என்றாள் என் மனைவி ஜஸு, ரொட்டி தேய்த்தபடியே. "பாலூட்டி."

"பாலூட்டியோ சீராட்டியோ, நான் குளிக்கறதை அது எதுக்குப் பார்க்கணும்?"

"வேற யாரு பார்க்கப் போறா? அதுவாவது பார்த்துட்டுப் போகட்டும்."

"உடைச்சுட்டு வேற டைல் போட்டுடலாம் ஜஸு."

ரொட்டிக் கட்டை நின்றது. "எங்கப்பா ஆசை ஆசையா குடுத்தது. வாயைக் கழுவுங்க."

என் மாமனார் கேஷவ்ஜி, குஜராத்தில் எங்கள் ஊரான மோர்பியில் டைல் தொழிற்சாலை வைத்திருக்கிறார். மோர்பியில் டைல் தொழிற்சாலை வைத்திராதவனைத்தான் விரல் நீட்டிக் காட்டுவார்கள். அப்படிக் காட்டப்படுகிறவன் நான், கடிகாரக் கம்பெனியில் மேற்பார்வையாளன். கல்யாணச் சீராக எங்கள் வீட்டுக்கு டைல் முழுவதும் மாமனார்தான் போட்டுக் கொடுத்தார். ஊரிலேயே முதல் டால்ஃபின் தன்னுடையது என்பது அவருடைய பெருமை. அதை உடைத்தால் உறவும் சேர்ந்து உடையும்.

அந்த வாரமே ஜஸு தங்கை வீட்டு வளைகாப்புக்கு ராஜ்கோட் கிளம்பினாள். பஸ் ஏறும்போது எச்சரித்தாள்.

"டால்ஃபினைத் தொடாதீங்க. டைல் மேலயே அடிக்கிற பெயிண்ட் இப்போ கடையில வந்திருக்காம். அதைக் கிதை வாங்கிட்டு வந்துடாதீங்க."

டைல் மேல் பெயிண்ட் அடிக்க முடியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பஸ் முக்குத் திரும்புவதற்குள் நான் பெயிண்ட் கடையில் இருந்தேன்.

பக்கத்து வீட்டு ரஸிக்பாய் பாத்திரக்கடைக்காரர். டப்பாவைப் பார்த்ததும் காம்பவுண்டு சுவருக்கு மேல் தலை முளைத்தது.

"என்ன தல்சுக்பாய், டைலுக்கா பெயிண்ட்? டைல்காரர் பொண்ணைக் கட்டிக்கிட்டு?"

"மெதுவாப் பேசுங்க."

"மேல எழுதியிருக்கறதைப் படிச்சீங்களா? சோப்புப் பிசுக்கு போகக் கழுவணுமாம். உப்புத்தாள் வெச்சுப் பளபளப்பு போறவரைக்கும் தேய்க்கணுமாம். அப்புறம் ப்ரைமர்னு ஒரு அடிப்பூச்சு. அப்புறம்தான் பெயிண்ட். அதுவும் நல்லாக் காயணுமாம்."

"பெயிண்டுன்னா அடிக்கணும், பாய். படிக்கக் கூடாது."

இருந்தாலும் உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தேன். டால்ஃபினின் மூக்கு வரை தேய்ப்பதற்குள் என் தோள்பட்டை கழன்றது. டால்ஃபின் முன்பைவிடப் பளிச்சென்று சிரித்தது. உப்புத்தாளைத் தூக்கி எறிந்தேன். கடைக்காரர் கூடவே கொடுத்த ப்ரைமர் டப்பாவின் மூடி திறக்கவே இல்லை. அதைத் திறக்காமலே விட்டேன். நேரே வெள்ளைப் பெயிண்ட். வால் மறைந்தது. வயிறு மறைந்தது. கடைசியாகக் கண். அந்தக் கண்ணை மூடிய நிமிஷம் இருக்கிறதே, கல்யாணத்துக்குப் பிறகு நான் ஜெயித்த முதல் நிமிஷம். அன்று மாலையே தனியாக, ராஜாவாக, வெந்நீரில் குளித்தேன்.

ஜஸு திரும்பி வந்தாள். குளியலறையைத் திறந்தாள். நான் மாடிப்படியில் ஒரு கால் வைத்து, ஓடத் தயாராக நின்றேன்.

"நல்லா இருக்கே," என்றாள்.

அவ்வளவுதான். இடி இல்லை, மின்னல் இல்லை. டீ வேறு போட்டுக் கொடுத்தாள். அதில் ஏலக்காய் இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டேன்.

"கோபம் இல்லையா?"

"எதுக்குக் கோபம்? ஆங்... சொல்ல மறந்துட்டேன். ஞாயித்துக்கிழமை அப்பா வர்றாரு. நம்ம வீட்லதான் குளிச்சுட்டு சாப்பிடறாராம்."

டீ புரையேறியது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் சுவர் ஓர் ஓரமாக உப்பத் தொடங்கியது. விரலால் அமுக்கினேன். அமுக்கிய இடம் அடங்கி, பக்கத்து இடம் உப்பியது. ஒரு கொப்புளம் உடைந்து, அதன் வழியாக டால்ஃபின் ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தது. அந்த இடத்தில் துண்டைத் தொங்கவிட்டேன்.

மாமனார் வந்தார். சூடான கடலைமாவு காட்டியாவும் ஜிலேபியும் வாங்கி வந்திருந்தார். "குளிச்சுட்டு வந்துடறேன், மாப்பிள்ளை," என்று உள்ளே போனார். உள்ளே வெந்நீர் கொட்டும் சத்தம். பாட்டுச் சத்தம். பிறகு பாட்டு நின்றது.

"மாப்பிள்ளை!"

கதவு திறந்தது. இடுப்பில் துண்டோடு மாமனார் நின்றார். சுவரில் சாய்ந்திருப்பார் போலிருக்கிறது. முதுகில் பெரிய வெள்ளைத் தோல் ஒன்று போர்வை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அவருக்குப் பின்னால் பாதி உரிந்த சுவரில் டால்ஃபினின் தலை மட்டும் சிரித்தது.

"என் டைலுக்கு... பெயிண்டா?"

வாயைத் திறந்தேன். ஜஸு குறுக்கே வந்தாள்.

"அவரைத் திட்டாதீங்கப்பா. அவருக்கு டால்ஃபின்னா பயம்."

"பயமா?"

"உங்ககிட்ட சொல்லக் கூச்சம். சின்ன வயசுலேர்ந்தே தண்ணியில இருக்கற பிராணின்னா ஆகாது. கண்ணை மூடிட்டுத்தான் குளிப்பாரு. பாவம், வழுக்கிக்கூட விழுந்திருக்காரு."

அந்த வீட்டில் நான் ஒரு முறைகூட வழுக்கி விழுந்ததில்லை. அதைச் சொல்லும் நிலையிலும் நான் இல்லை. மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமெல்லாம் வடிந்து, அந்த முகத்தில் பரிதாபம் வந்தது. திட்டியிருந்தால் தேவலை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை! உடைச்சுத் தள்ளுங்க. நாளைக்கே புது டைல் அனுப்பறேன். புதுசா சிறுத்தை ஒண்ணு வந்திருக்கு, பாயற மாதிரி..."

"அப்பா!" என்றாள் ஜஸு. "அவருக்கு எந்த மிருகமும் வேண்டாம். வெறும் வெள்ளை போதும்."

"சரிம்மா. பார்த்துக்கோ அவரை," என்று மாமனார் என் தலையைத் தடவிக் கொடுத்தார். என் தலையில் கொஞ்சம் பெயிண்ட் ஒட்டியது.

மறுநாள் தொழிற்சாலை வண்டி வந்தது. பெட்டி பெட்டியாக அழகான வெள்ளை டைல், ஓரத்தில் மெல்லிய சாம்பல் கோடு. டால்ஃபின் ஒழிந்தது என்று நான் நெஞ்சை நிமிர்த்தி நிற்க, வண்டிக்காரர் சீட்டை நீட்டினார்.

"நல்லவேளை பாய், இப்பவாவது எடுத்தீங்க. தீபாவளிக்கு முன்னாடியே ஜஸு அக்கா வந்து பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, ஒதுக்கி வெக்கச் சொன்ன சரக்கு. கிடங்குல இடத்தை அடைச்சிட்டிருந்தது."

நான் திரும்பி ஜஸுவைப் பார்த்தேன். அவள் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அப்படின்னா உனக்கும் அது பிடிக்கலையா?"

"எந்தப் பொம்பளைக்குங்க பிடிக்கும்? பெத்த பொண்ணு நான் சொன்னா அப்பா மனசு உடைஞ்சுடும். மாப்பிள்ளை செஞ்சா டைல்தானே உடையும்?"

வாசலில் இறங்கிய பெட்டிகளின் அடுக்கு நிற்காமல் உயர்ந்துகொண்டே போனது.

"குளியலறைக்கு எதுக்கு இவ்வளவு?"

"பாதி சமையலறைக்கு."

எங்கள் சமையலறைச் சுவரிலும் மாமனார் உபயம்தான்: கண் வைத்து, வாய் வைத்துச் சிரிக்கும் தக்காளிகள்.

"தக்காளிக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு? உங்கப்பா எப்படி உடைக்க விடுவாரு?"

ஜஸு பரணிலிருந்து மிச்சப் பெயிண்ட் டப்பாவை இறக்கி என் கையில் கொடுத்தாள். பிரஷ்ஷையும் கொடுத்தாள்.

"போன தடவை மாதிரியே, ப்ரைமர் இல்லாம அடிங்க. தப்பித்தவறி ஒட்டிக்கிடப் போகுது."