உஷ்ஷும் என் நாற்பத்து மூன்று முயற்சிகளும்

மலேசியாவின் கேமரன் மலை முழுவதிலும் மனிதனைவிட ஹார்ட் டிஸ்க்குக்கு அதிக மரியாதை கொடுக்கும் ஒரே பிறவி பிரிஞ்சாங் ஊரில் இருக்கிறான். பெயர் யாருக்கும் தெரியாது. கடைக்குள் கால் வைத்ததும் உதட்டில் விரலை வைத்து 'உஷ்' என்பான், அதுவே பெயராகிவிட்டது. செத்துப்போன டிஸ்க்குகளுக்கு உயிர் கொடுக்கும் கடை அது. காய்கறிக் கடைக்கு மேல்மாடி, பத்தொன்பது படி. என் முட்டியைக் கேளுங்கள்.

வரிசையும் அவன் இஷ்டம்தான். டிஸ்க்கில் என்ன இருக்கிறதென்று கேட்பான். கல்யாண வீடியோ என்றால் கடைசி. ஒரு மாப்பிள்ளை சண்டைக்குப் போனபோது, "இதுவரைக்கும் எத்தன தடவ போட்டுப் பாத்தீங்க?" என்று கேட்டான். மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். இருவரும் இறங்கிப் போனார்கள்.

நான் போனது பிலோமினாவுக்காக. எங்கள் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவள். அறுபத்தொரு வயதாகியும், குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டை இல்லை. இங்கேதான் பிறந்தாள் என்று காட்டத் தோட்டத்துப் பிறப்புப் பதிவேடு ஒன்றுதான் சாட்சி. அதைக் கறையான் தின்றுவிட்டது. அதற்கு முன்பே, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், பதினோரு பதிவேடுகளையும் நானே படமெடுத்து ஒரு டிஸ்க்கில் ஏற்றியிருந்தேன். மொத்தம் 2,316 பக்கம். இப்போது டிஸ்க் திறக்க மறுத்தது.

"நாப்பத்து மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன் தம்பி" என்று பெருமையாக நீட்டினேன்.

"ஒரு தடவ வரலன்னா நிறுத்தணும் கிராணி. மிச்சம் நாப்பத்து ரெண்டு தடவயும் நீங்க அத அடிச்சிருக்கீங்க."

கழற்றினான். தேயிலைத் தூள் கொட்டியது. மலை ஈரத்துக்குப் பயந்து டிஸ்க்கைத் தேயிலை டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தேன். தூள் ஈரத்தை இழுக்கும் என்பது என் முப்பத்தெட்டு வருடத் தோட்ட அறிவு. இழுத்ததை எங்கே வைக்கும் என்று யோசிக்கவில்லை. உஷ் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தான்.

"நல்ல தூளு லா. வீணாக்கிட்டீங்க."

டிஸ்க்கின் அடிப்பலகையில் பச்சை பிடித்திருந்த செப்புப் புள்ளிகளைப் பள்ளிக்கூட ரப்பரால் அரைமணி நேரம் தேய்த்தான். டிஸ்க் சுழன்றது. பிலோமினா பெயருள்ள பக்கத்தை உடனே திற என்றேன். கூடாதாம். நல்ல இடங்களையெல்லாம் முதலில் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுக்க வேண்டுமாம். முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய்விட்டு, கடைசியில் பின்பக்கமாக வந்து கெஞ்ச வேண்டுமாம். மூன்று நாள் ஆனது. கூட வந்த பிலோமினா இருமியதற்குப் படியைக் காட்டினான். ஆறு தடவை கோபித்துக்கொண்டு எழுந்தேன். ஆறு தடவையும் அவன் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் 2,304 பக்கம் வந்திருந்தன. பிலோமினாவின் பக்கம் இல்லை.

"விடுங்கண்ணே. இவ்ளோ காலம் இல்லாமதான இருந்தேன்" என்றாள் அவள்.

உஷ் டிஸ்க்கை அணைத்து ஆறப் போட்டான். மறுநாள் கடைசியிலிருந்து படிக்கவிட்டான். மத்தியானம் ஒரு பக்கம் வந்தது. கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். மேலிருந்து மூன்றாவது வரியில் அவள் பெயர். படித்துச் சொன்னேன்.

"எங்கம்மா பேரும் இருக்கா?"

"இருக்கு. மரியாள்."

அந்தப் பக்கத்தோடு, நீல அட்டை கேட்கும் அவள் மனு தானா ராத்தாவிலுள்ள பதிவு அலுவலகத்துக்குப் போனது. மிச்சத்தை விட்டுவிடு என்று உஷ்ஷிடம் சொன்னேன்.

"ஒரு பக்கத்துக்கு எத்தன பேரு?"

"இருபது."

"பதினோரு பக்கம் வரல. இருநூத்தி இருபது பேரு லா, கிராணி. எப்படி விடறது?"

இன்னும் விடவில்லை. வியாழக்கிழமைதோறும் பஸ் பிடித்துப் போய், வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு வருகிறேன். போனில் கேட்டாலும் சொல்வான்தான். ஆனால் அவன் சாப்பிட்டானா இல்லையா என்று போனில் தெரியாதே.